யூஸ்நெட் படிக்க எந்த ப்ரோக்ராம்? காரைக்குடித் தம்பிக்கு விரிவான பதில்

கேள்வி இது. காரைக்குடியில் டிவி, இன்வெர்ட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் சை.எலெக்ட்ரானிக்ஸ்.ரிப்பேர், சை.எலெக்ட்ரானிக்ஸ்.டிசைன் ஆகிய யூஸ்நெட் (இணையத்தின் பழைய பொது விவாத வலையமைப்பு) குழுக்களைக் கூகுள் குரூப்ஸ் வழியாகப் படித்துவந்தார். 2024 பிப்ரவரி 22 முதல் அங்கே யூஸ்நெட்டின் புதிய பதிவுகள் வருவதில்லை, அங்கிருந்து எழுதவும் முடியாது. கானாடுகாத்தான் வீட்டில் உள்ள பழைய விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஒரு நியூஸ்ரீடர், அதாவது யூஸ்நெட் படிக்கும் ப்ரோக்ராம், போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிறார். அதில் என்னென்ன வசதிகள் கட்டாயம் வேண்டும், எவை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தமிழில் எழுதினால் சரியாகப் போய்ச் சேருமா என்று கேட்கிறார்.

தம்பி, எது படித்தது, எது படிக்காதது என்ற கணக்கை அந்த ப்ரோக்ராம் எப்படி வைத்துக்கொள்கிறது என்பதை முதலில் பாருங்கள். மற்ற வசதிகளெல்லாம் அதற்குப் பின்னால்தான். யூஸ்நெட்டில் ஒரே ஒரு மையக் கம்ப்யூட்டர் என்று எதுவும் கிடையாது. ட்யூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் 1979-ல் திட்டமிட்ட நாளிலிருந்து இன்றுவரை, ஒரு சர்வரில் விழுந்த பதிவு அடுத்தடுத்த சர்வர்களுக்குப் பிரதியாகப் பரவுவதுதான் அதன் அமைப்பு. ஒவ்வொரு சர்வரும் தனக்கு வந்துசேர்ந்த வரிசையில் பதிவுகளுக்கு எண் போடுகிறது. ஆகவே ஒரே பதிவுக்கு இந்த சர்வரில் ஓர் எண், அந்த சர்வரில் வேறோர் எண். ஆனால் பதிவோடு பிறந்த மெசேஜ்-ஐடி என்ற அடையாளம் மட்டும் எங்கே போனாலும் மாறாது. நகரத்தார் கொண்டுவிற்ற, அதாவது கடல்கடந்து தொழில் செய்த காலத்தில் ஒரே உண்டியல் (பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டு) ரங்கூன் கடைப் பேரேட்டில் ஒரு பக்கத்திலும் ஊர்ப் பேரேட்டில் இன்னொரு பக்கத்திலும் பதிவாகியிருக்கும். உண்டியல் ஒன்றுதான், பக்க எண்தான் வேறு. இதுவும் அப்படியே.

இதனால் வருகிற சிக்கல் என்னவென்றால், பெரும்பாலான ப்ரோக்ராம்கள் படித்த கணக்கைச் சர்வர் எண்ணை வைத்தே எழுதுகின்றன. நியூஸ்ஆர்சி என்ற சின்ன டெக்ஸ்ட் கோப்பில் குழுவின் பெயர், அதையடுத்து ஒரு முக்காற்புள்ளி, பிறகு 1-4523 என்பதுபோல் எண் வரம்பு இருக்கும். முக்காற்புள்ளிக்குப் பதில் ஆச்சரியக்குறி இருந்தால் அந்தக் குழுவை நீங்கள் சேர்க்கவில்லை அல்லது விலக்கிவிட்டீர்கள் என்று பொருள். சர்வர் மாற்றினால் இந்த எண்கள் அத்தனையும் பொருளற்றுப் போகும். பழைய கோப்பை அப்படியே புது சர்வருக்குக் கொண்டுபோனால், படிக்காதவை படித்ததாகவும் படித்தவை புதிதாகவும் காட்டும். மாற்றத்தான் வேண்டுமென்றால் பழைய கோப்பை விட்டுவிடுங்கள். புது சர்வரில் குழுவைச் சேர்த்து, எல்லாவற்றையும் படித்ததாகக் குறித்துவிட்டு, அன்றிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள். அதுதான் குறைந்த தலைவலி.

இன்னொன்று, சில ப்ரோக்ராம்கள் இந்தக் கணக்கை மூடும்போதுதான் டிஸ்க்கில் எழுதும். நடுவில் கரண்ட் போனால் அன்றைக்குப் படித்ததெல்லாம் மறுபடி புதிதாக வந்து நிற்கும். உங்கள் கடையிலேயே இன்வெர்ட்டர் இருக்கும்போது வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் ஒரு யுபிஎஸ் போட்டுவிடுங்கள். தண்டர்பேர்ட் என்பது மின்னஞ்சலோடு யூஸ்நெட்டும் படிக்கும் இலவச ப்ரோக்ராம். அதில் ஒரு குழுவின் பட்டியல் மட்டும் குழம்பிப்போனால், ப்ரோக்ராமை மூடிவிட்டு ப்ரொஃபைல் கோப்புறைக்குள் நியூஸ் என்ற கோப்புறையில் அந்தக் குழுவின் பெயரோடு எம்எஸ்எஃப் என்று முடியும் கோப்பை அழியுங்கள். அது வெறும் அட்டவணைதான், அடுத்த முறை திறக்கும்போது தலைப்புகளை மறுபடி இறக்கிக்கொள்ளும். பக்கத்திலேயே ஆர்சி என்று முடியும் கோப்பு இருக்கும். அதில்தான் உங்கள் கணக்கு இருக்கிறது, அதைத் தொடாதீர்கள்.

சர்வர் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். டெக்ஸ்ட் குழுக்களுக்கு எடர்னல் செப்டம்பர் என்ற இலவச சர்வர் போதும். பதிவு செய்து பெயரும் பாஸ்வேர்டும் வாங்க வேண்டும். இணைப்புக்கு 119 என்ற போர்ட் பழைய முறை, அதில் பாஸ்வேர்ட் திறந்தபடியே போகும். 563-ஐப் போட்டு எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் என்று தேர்ந்தெடுங்கள். தண்டர்பேர்டில் கணக்கைச் சேர்த்த கையோடு சர்வர் அமைப்புகளுக்குப் போய், இணைக்கும்போதெல்லாம் அடையாளம் காட்டச் சொல்லும் கட்டத்தை டிக் செய்யுங்கள். இதை விட்டுவிட்டால் சில சர்வர்களில் குழுப் பட்டியல் காலியாகவே வரும், பலர் இங்கேதான் முட்டிக்கொண்டு ப்ரோக்ராமையே குறை சொல்கிறார்கள்.

முதல் முறை ஒரு குழுவைத் திறக்கும்போது 500 தலைப்புகளுக்கு மேல் இருந்தால் தண்டர்பேர்ட் எத்தனை வேண்டும் என்று கேட்கும். ஒரு தலைப்பின் விவரம், அதாவது பொருள் (சப்ஜெக்ட்), எழுதியவர், தேதி, மெசேஜ்-ஐடி, எந்தெந்தப் பதிவுக்குப் பதில், அளவு எல்லாம் சேர்த்து, ஏறத்தாழ 300 முதல் 400 பைட் வரும். 10,000 தலைப்பு என்றால் மூன்று, நான்கு எம்பி. இன்றைய இணைப்புக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் பழைய கம்ப்யூட்டரில் அத்தனையையும் இழையாக (ஒரு பதிவும் அதற்கு வந்த பதில்களும் ஒரு தொகுதியாக) அடுக்கிக் காட்ட நேரம் பிடிக்கும். கடைசி 1,000 போதும், மிச்சத்தைப் படித்ததாகக் குறிக்கச் சொல்லுங்கள்.

இழையாக அடுக்குவது இரண்டாவது முக்கியமான வசதி. ஒவ்வொரு பதிலின் தலைப்பிலும் ரெஃபரன்சஸ் என்ற வரியில் அதற்கு முன்னால் வந்த பதிவுகளின் மெசேஜ்-ஐடிகள் வரிசையாக இருக்கும். நல்ல ப்ரோக்ராம் இந்த வரியை வைத்து மரம்போல் அடுக்கும். சில ப்ரோக்ராம்கள் பொருள் வரி ஒன்றாக இருந்தாலே சேர்த்துவிடும். ரிப்பேர் குழுவில் 'பவர் சப்ளை பிரச்சினை' என்ற ஒரே தலைப்பில் பத்துப் பேர் பத்து வேறு கேள்வி கேட்டிருப்பார்கள், எல்லாம் ஒன்றாகக் கலந்து நாசமாகும். அமைப்பில் பொருளை வைத்துச் சேர்ப்பதை நிறுத்த வழியிருக்கிறதா என்று பாருங்கள். நடுப் பதிவு சர்வரில் காலாவதி ஆகியிருந்தாலும் இழை அறுந்துபோகாமல், காலியான இடத்தோடு மரத்தைக் காட்டுகிற ப்ரோக்ராம்தான் தேர்ந்தது.

விசைப்பலகையை மட்டும் வைத்துப் படிக்க முடியவேண்டும். தண்டர்பேர்டில் என் அடுத்த படிக்காத பதிவுக்குப் போகும். டி அடுத்த படிக்காத இழைக்குத் தாவும். ஆர் இழை முழுவதையும் படித்ததாகக் குறிக்கும். கே அந்த இழையைப் புறக்கணிக்கும், இனி அதில் எத்தனை பதில் விழுந்தாலும் கண்ணில் படாது. ஷிஃப்ட்டோடு கே அடித்தால் அந்தக் கிளை மட்டும் போகும், இழை தங்கும். டபிள்யூ கண்காணிக்கும். இந்த ஆறும் கைக்கு வந்துவிட்டால் ஒரு நாள் பதிவுகளை ஒரு டீ குடிக்கும் நேரத்தில் பார்த்துவிடலாம்.

இனி வடிகட்டல். டிசைன் குழுவைப் படிப்பவர் இதில் கொஞ்சம் உழைத்தே ஆகவேண்டும், ஏனென்றால் அங்கே சர்க்யூட் பேச்சைவிட அரசியல் சண்டை சில நாள் அதிகம். லாரி வால் 1984-ல் எழுதிய ஆர்என் என்ற நியூஸ்ரீடரில் கில்ஃபைல் வந்தது: பிடிக்காத ஆள், பிடிக்காத பொருள் என்று எழுதிவைத்தால் கண்ணிலேயே காட்டாது. அது ஒரே வெட்டு. அதைவிட நல்ல முறை மதிப்பெண் போடுவது. ஒவ்வொரு விதியும் ஒரு பதிவுக்குச் சில மதிப்பெண்ணைக் கூட்டும் அல்லது கழிக்கும், மொத்தத்தைப் பார்த்து ப்ரோக்ராம் மேலே ஏற்றும், கீழே தள்ளும், அல்லது மறைக்கும்.

பான் என்ற இலவச ப்ரோக்ராமில் 9999 என்றால் கண்காணிப்பு, 5000-க்கு மேல் உயர்வு, பூஜ்யத்துக்குக் கீழே தாழ்வு, -9999 என்றால் முழுப் புறக்கணிப்பு. எஸ்எல்ஆர்என் என்ற கறுப்புத் திரை ப்ரோக்ராமின் மதிப்பெண் கோப்பும் இதே வடிவம்தான், ஒன்றில் எழுதிய விதிகளை இன்னொன்றுக்குக் கொண்டுபோகலாம். தண்டர்பேர்டில் மதிப்பெண் முறை கிடையாது. சாதாரண வடிகட்டிதான், பொருந்தினால் படித்ததாகக் குறி, அழி, இழையைப் புறக்கணி என்ற அளவில் நிற்கும். ரிப்பேர் குழுவுக்கு அது போதும். டிசைன் குழுவுக்குப் போதாது.

விதி எழுதும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒருவரை -9999 போட்டு ஒரேயடியாக மறைக்காதீர்கள். அரசியலில் கத்துகிறவரே ட்ரான்ஸ்ஃபார்மர் பற்றி மிக நன்றாக எழுதுவார். அவருக்கு -500 போட்டு, பொருளில் ட்ரான்ஸ்ஃபார்மர், மாஸ்ஃபெட், இன்வெர்ட்டர் என்று வந்தால் 1000 கூட்டுங்கள், நல்லது தானாக மேலே வரும். அடுத்து, நடப்புச் சண்டைக்கான விதிகளுக்குக் காலக்கெடு போடுங்கள். ஒரு மாதம் என்று போட்டால் அது முடிந்ததும் விதி தானே செத்துவிடும், கோப்பு ஊதிப்போகாது. மூன்றாவது, பதிவின் உள்ளடக்கத்தைப் பார்த்து வடிகட்டும் விதிகள் எழுதாதீர்கள். தலைப்பு விவரங்கள் மொத்தமாக ஒரே தடவையில் வந்துவிடும். உள்ளடக்கம் வேண்டுமென்றால் ஒவ்வொரு பதிவையும் இறக்கியாக வேண்டும், குழுவைத் திறக்கவே காத்திருக்க வேண்டியதாகும். இணையத்தில் கிடைக்கும் பழைய மதிப்பெண் கோப்புகளில் மெசேஜ்-ஐடியில் கூகுள்குரூப்ஸ் என்று இருந்தால் மறை என்ற விதி பெரும்பாலும் இருக்கும். 2023 கடைசியில் அந்த வழியாகக் குப்பை வெள்ளமாக வந்தபோது பலர் எழுதியது. இப்போது அங்கிருந்து எதுவும் வருவதில்லை என்பதால் அதைத் தூக்கிவிடலாம்.

வீட்டைப் பற்றிச் சொன்னீர்கள்: மோடம் முகப்பில், கம்ப்யூட்டர் இரண்டாம் கட்டில், நடுவே இத்தனை கனத்த சுவர்கள். வைஃபை விட்டுவிட்டு வரும். அதற்கு ஆஃப்லைன் வசதி கைகொடுக்கும். தண்டர்பேர்டில் கணக்கு அமைப்பில் சேமிப்புப் பகுதிக்குப் போய் எந்தெந்தக் குழு ஆஃப்லைனில் வேண்டும் என்று தேர்ந்தெடுத்தால், இணைப்பு இருக்கும்போது பதிவுகள் முழுவதும் இறங்கிவிடும். பிறகு இணைப்பே இல்லாமல் படிக்கலாம். எழுதிய பதிலும் அனுப்பக் காத்திருக்கும். பானில் இதற்குக் கேஷ் (இறக்கிய பதிவுகளைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) அளவு என்று ஓர் அமைப்பு உண்டு. தொடக்கத்தில் அது சிறியதாகவே இருக்கும், உயர்த்தாவிட்டால் புதியது இறங்க இறங்கப் பழையது அழிந்துகொண்டே போகும். 500 எம்பி வையுங்கள், டெக்ஸ்டுக்கு அது தாராளம். பானில் சர்வர் இணைப்பு எண்ணிக்கையையும் இரண்டாகக் குறைத்துவிடுங்கள், இலவச சர்வர்கள் அதிகம் திறந்தால் கதவைச் சாத்திவிடும்.

எழுதுவதற்கு வருவோம். நியூஸ்ரீடரில் பதில் சொல்ல இரண்டு பொத்தான்கள் இருக்கும். ஃபாலோஅப் என்பது குழுவுக்குப் போகும், ரிப்ளை என்பது எழுதியவரின் மின்னஞ்சலுக்குப் போகும். மாற்றி அழுத்தாதீர்கள். எச்டிஎம்எல்-ஐ அணைத்து வெறும் டெக்ஸ்டாக அனுப்புங்கள். எதிராளி எழுதியதில் பதிலுக்குத் தேவையான வரிகளை மட்டும் > குறியோடு வைத்துக்கொண்டு, மிச்சத்தை வெட்டி, அந்த வரிக்குக் கீழே பதில் எழுதுவதுதான் அங்கே மரியாதை. கையொப்பம் நான்கு வரிக்குள். அதற்கு முன்னால் இரண்டு இணைப்புக்குறியும் ஓர் இடைவெளியும் மட்டும் கொண்ட வரி வேண்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் மற்றவர்களின் ப்ரோக்ராம் அதைக் கையொப்பம் என்று அறியாது, பதில் எழுதும்போது வெட்டாது. மின்னஞ்சல் முகவரியை அப்படியே போட்டால் குப்பை அஞ்சல் சேகரிப்பவர்கள் பொறுக்கிக்கொள்வார்கள். கடைசியில் டாட் இன்வாலிட் என்று முடியும் முகவரி வைத்துக்கொள்ளுங்கள், 1999 முதல் அந்த முடிவு இப்படிப்பட்ட உபயோகத்துக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. வேறு யாருடையதாகவோ இருக்கக்கூடிய முகவரியைக் கற்பனையாகப் போடக் கூடாது.

அனுப்பியதைத் திரும்பப் பெறலாம் என்று நம்பாதீர்கள். கேன்சல் என்ற கட்டளை உண்டு, ஆனால் யார் வேண்டுமானாலும் போலியாக அனுப்ப முடிந்ததால் பெரும்பாலான சர்வர்கள் அதை மதிப்பதில்லை.

தமிழ் பற்றிக் கேட்டது மிக நல்ல கேள்வி, ஏனென்றால் நியூஸ்ரீடர்களின் தரம் இங்கேதான் தெரியும். யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளிக்கும், அதாவது கம்ப்யூட்டர் தனியாக எண்ணும் ஒவ்வொரு எழுத்துக்கும் துணைக்குறிக்கும், மூன்று பைட். ஒரு பதிவில் ஒரு வரி 998 பைட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. அப்படியானால் 332 புள்ளிகளுக்கு மேல் ஒரே வரியாக ஓடக் கூடாது. ஆங்கிலத்தில் பத்தி முழுவதையும் ஒரே வரியாக அடித்தாலும் பல நேரம் தப்பிவிடும், தமிழில் ஐந்தாறு வாக்கியத்திலேயே மாட்டிக்கொள்ளும். அப்போது சில ப்ரோக்ராம்கள் மொத்தப் பதிவையும் பேஸ்64 என்ற குறியாக்கமாக மாற்றி அனுப்பிவிடும், பழைய ரீடர் வைத்திருப்பவருக்கு அது எழுத்துக் குவியலாகத் தெரியும். 72 எழுத்தில் வரி மடிக்கும் அமைப்பை வைத்துக்கொள்ளுங்கள். 'கொ' என்பது நமக்கு ஓர் எழுத்து, ப்ரோக்ராமுக்கு இரண்டு புள்ளி, ஆகவே தமிழ் வரிகள் ஆங்கில வரியைவிடக் குட்டையாக மடியும். அது பிழை இல்லை.

பொருள் வரியில் தமிழ் நேரடியாகப் போகாது, குறியாக்கித் துண்டு துண்டாகப் போகும். ஒரு துண்டு 75 எழுத்துக்குள் இருக்கவேண்டும். அதன் முன்னும் பின்னும் வரும் அடையாளக் குறிகளைக் கழித்தால் 45 பைட் தமிழ், அதாவது 15 புள்ளிதான் ஒரு துண்டில் அடங்கும். நல்ல ப்ரோக்ராம் ஓர் எழுத்து முடிந்த இடத்தில் வெட்டும். மோசமானது மூன்று பைட்டின் நடுவே வெட்டும், அங்கே கேள்விக்குறி வைத்த கட்டம் முளைக்கும். தமிழ்ப் பொருள் வரியில் சீரான இடைவெளியில் கட்டங்கள் தெரிந்தால் காரணம் எழுத்துரு அல்ல, இந்த வெட்டுதான்.

வடிகட்டியில் தமிழ்ச் சொல்லைப் போடும்போது இன்னொரு பொறி உண்டு. 'கொ'-வை ககரமும் ஒகரக் குறியுமாக எழுதலாம், ககரமும் ஒற்றைக் கொம்பும் காலுமாக மூன்று புள்ளியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பல வடிகட்டிகள் அதைச் சமப்படுத்தாமல் பைட்டைப் பைட்டோடு ஒப்பிடுவதால் ஒன்று பொருந்தும், மற்றது தப்பிவிடும். ஒகரம், ஓகாரம், ஔகாரம் வருகிற சொல் என்றால் இரண்டு வடிவத்துக்கும் தனித்தனி விதி எழுதுங்கள், அல்லது அந்த எழுத்து இல்லாத பகுதியை மட்டும் தேடச் சொல்லுங்கள்.

சோக்.கல்ச்சர்.தமிழ் குழுவின் பழைய பதிவுகளைப் படிக்கவும் ஆசை என்றீர்கள். தொண்ணூறுகளின் பதிவுகள் இன்றைய சர்வர்களில் கிடைக்காது. கூகுள் குரூப்ஸின் பழைய சேமிப்பில் பார்க்கலாம், 2024 பிப்ரவரி வரை வந்தவற்றை இன்னமும் காட்டுகிறார்கள். இன்டர்நெட் ஆர்கைவிலும் பழைய யூஸ்நெட் தொகுப்புகள் எம்பாக்ஸ் என்ற அஞ்சல்பெட்டி வடிவக் கோப்புகளாக இருக்கின்றன. தண்டர்பேர்டில் இம்போர்ட்எக்ஸ்போர்ட்டூல்ஸ் என்ஜி என்ற துணைநிரலைப் போட்டு அவற்றை உள்ளே எடுத்தால் இழையோடு படிக்கலாம். அக்காலத் தமிழ் பெரும்பாலும் ரோமன் எழுத்தில் இருக்கும். பிறகு வந்த சில பதிவுகள் திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டில் இருக்கும், திறந்தால் ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளுமாகக் குதறியிருக்கும். தண்டர்பேர்டின் குறியீட்டுப் பட்டியலில் திஸ்கி இல்லை. பதிவைக் கோப்பாகச் சேமித்து, லினக்ஸில் ஐகான்வ் கட்டளையால் யுடிஎஃப்-8 ஆக்கிப் படியுங்கள்.

ஏதாவது தவறினால் சர்வர் மூன்று இலக்க எண் ஒன்றைச் சொல்லும். அதை மறைக்காமல் காட்டும் ப்ரோக்ராமாக இருக்கட்டும். 480 என்றால் பெயர், பாஸ்வேர்ட் கேட்கிறது, 481 என்றால் கொடுத்தது தவறு. 411 அந்தக் குழு அங்கே இல்லை. 423 அல்லது 430 என்றால் தலைப்பு இருக்கிறது, பதிவு காலாவதி. 502 என்றால் அனுமதி இல்லை, இணைப்புகள் மிகும்போதும் இதுவே வரும். இணைந்தவுடன் 200 வந்தால் எழுதலாம், 201 வந்தால் படிக்க மட்டும். 441 பதிவை ஏற்கவில்லை. காரணம் பக்கத்திலேயே எழுதியிருக்கும்: குழுக்கள் அதிகம், வரி நீளம், மேற்கோள் புதிதாக எழுதியதைவிட அதிகம் என்று ஏதாவது ஒன்று.

பழைய கம்ப்யூட்டர் என்பதால் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். மதர்போர்டில் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்துபோனால் ஒவ்வொரு முறை போடும்போதும் கடிகாரம் பல வருஷம் பின்னால் போய்விடும். அப்போது 563-ல் சான்றிதழ் சரிபார்ப்பு தோற்று இணைப்பே வராது. 119-ல் வந்தாலும் நீங்கள் எழுதும் பதிவில் தேதி பழையதாக இருக்கும், மிகப் பழைய தேதியைச் சர்வர்கள் நிராகரிக்கும். ஒரு நாளுக்கு மேல் எதிர்காலத்தில் இருக்கும் தேதிக்கும் அதே கதிதான். பாஸ்வேர்டை மாற்றிப் பார்ப்பதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள். செல் உங்கள் கடையிலேயே இருக்கும்.

இல்லாவிட்டால் பரவாயில்லை என்ற வசதிகள்: பைனரி, அதாவது டெக்ஸ்ட் அல்லாத கோப்புகளை இறக்கும் வசதிகள் முழுவதும். யென்க் பிரிப்பது, என்இசட்பி கோப்பு, பார்2 பழுதுபார்ப்பு என்று விளம்பரத்தில் பெரிதாக எழுதியிருப்பார்கள். அவை பெரிய கோப்புகளைத் துண்டுகளாக இறக்குபவர்களுக்கு. இலவச டெக்ஸ்ட் சர்வரில் பைனரி குழுக்களே இல்லை, அந்தக் குழுக்களில் ஓடுவதில் பெரும்பகுதி காப்புரிமை மீறலும்கூட.

ஆகவே, ரிப்பேர் குழு மட்டும் என்றால் தண்டர்பேர்ட். டிசைன் குழுவையும் தினம் படிப்பதென்றால் பான், விண்டோஸுக்கும் கிடைக்கிறது. 40டியூட் டயலாக், எக்ஸ்நியூஸ் ஆகியவற்றைப் பழைய ஆட்கள் இன்னமும் சொல்வார்கள். மதிப்பெண் முறையில் இரண்டும் அருமையானவை. ஆனால் டயலாக்கில் டிஎல்எஸ் கிடையாது, எக்ஸ்நியூஸுக்கு யூனிகோட் தெரியாது, தமிழ் கேள்விக்குறிகளாகவே வரும்.

எதைப் போட்டாலும் முதல் பதிவைச் சை.எலெக்ட்ரானிக்ஸில் எழுதாதீர்கள். மிஸ்க்.டெஸ்ட் என்ற சோதனைக் குழுவைச் சேருங்கள். பொருள் வரியில் 20 எழுத்துக்கு மேல் தமிழ், உள்ளே 'கொ', 'யோ', 'ஸ்ரீ' வருகிற நீளமான பத்தி ஒன்று, கையொப்பம், எல்லாம் வைத்து அனுப்புங்கள். சில நிமிடம் கழித்து அதை இறக்கி மூலத்தைத் திறந்து பாருங்கள். கன்டென்ட்-டைப் வரியில் யுடிஎஃப்-8 என்றும், டிரான்ஸ்ஃபர்-என்கோடிங் வரியில் 8பிட் என்றும் இருந்தால் அமைப்பு சரி. பேஸ்64 என்று இருந்தால் வரி மடிப்பு வேலை செய்யவில்லை, அமைப்பில் 72-ஐ மறுபடி போட்டு இன்னொரு முறை அனுப்பிப் பாருங்கள்.